பிராணவாயுவும் வீட்டு விளக்கும்

இப்பகுதியை வாரந்தோறும் படித்துவரும் சகோதரி ஒருவரின் கடிதம் சென்ற வாரம் எமக்குக் கிடைத்தது. நெடுநாளாகச் சுவாசப்பை நோயால் வருந்தும் அவருடைய மாமியாரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, நாளொன்றுக்கு 15 மணி நேரம் பிராணவாயு கொடுக்கவேண்டுமென வைத்தியர் பணித்திருக்கிறார். அதற்குரிய மின்சார இயந்திரமும், மின்சாரம் நின்றாற் பயன்படுத்துதற்கு ஒரு சிலிண்டரும் வீட்டுக்கு வந்துவிட்டன. நோயாளி படுத்திருக்கும் அறையிலேதான் அவ்வீட்டுச் சுவாமி படங்களும் இருக்கின்றன. "அந்தி நேரத்தில் அங்கே விளக்கேற்றலாமா? ஏற்றாது விட்டால் மாமியின் மனம் நோகுமே" என்பது சகோதரியின் வினா.

அவ்வறையில் விளக்கேற்றலாகாது என்பதே சுருக்கமான விடை. ஆயினும், காரணம் அறியாது கைக்கொள்ளும் விதி நெடுநாள் நிலைப்பதில்லை. விதியின் காரணத்தை அறிந்தவர், எவரும் எடுத்துச் சொல்லாத இடத்திலும் தாமாகவே எச்சரிக்கையுடன் நடந்துகொள்வர். ஆதலின் இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பிராணவாயு எரியுமா?

"பிராணவாயு எளிதில் தீப்பற்றும்" எனப் பலரும் சொல்லக் கேட்கிறோம். இது சரியன்று. ஒட்சிசன் எனப்படும் பிராணவாயு தானாக எரிவதில்லை. எரியும் பொருள்களை எரியச் செய்வதே அதன் இயல்பு. விஞ்ஞான வகுப்பிலே யாவரும் கண்ட பரிசோதனை ஒன்றுண்டு. எரியும் குச்சியை ஊதி அணைத்து, முனையிலே தணல் மட்டும் இருக்கும்போது ஒட்சிசன் நிரம்பிய சாடிக்குள் விட்டால், அது மீண்டும் சுடர்விட்டு எரியும். 1774ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாம் திகதி, இங்கிலாந்தில் ஜோசெப் பிறீஸ்ற்லி என்பவர் இரச ஒட்சைட்டைக் கண்ணாடி வில்லையாற் சூடாக்கி இவ்வாயுவைப் பெற்றபோது, அவரை வியக்கவைத்ததும் அதனுள்ளே மெழுகுதிரி சுடர்விட்டு எரிந்த வேகமேயாம்.

நாம் சுவாசிக்கும் காற்றிலே ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசனும் 78 வீதம் நைதரசனும் உள்ளன. இந்த நைதரசன் நெருப்புக்கு ஒரு கடிவாளம் போன்றது. ஒட்சிசனின் அளவு 23 வீதத்தைச் சற்றே தாண்டினாலும், தொழிற்சாலைகளில் அவ்விடத்தை அபாயமுள்ள இடமாகவே கொள்வர். அத்தகைய காற்றிலே பஞ்சும் துணியும் மயிரும் விரைவிற் பற்றும், பற்றிய தீயின் வெப்பமும் மிகும், அணைப்பதும் அரிது.

இவ்வுண்மையை உலகம் பெருந்துயரத்தோடு கற்ற நாள் ஒன்றுண்டு. 1967ஆம் ஆண்டு சனவரி 27ஆம் திகதி, அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலம் ஒன்றைத் தரையிலே வைத்துப் பரீட்சித்தபோது, அதனுள்ளே தூய ஒட்சிசன் நிரப்பப்பட்டிருந்தது. எங்கோ ஒரு மின்பொறி எழுந்தது. சாதாரண காற்றில் அது வந்த சுவடின்றி மறைந்திருக்கவுங்கூடும். அங்கோ, சில விநாடிகளுள் கலம் முழுவதும் தீப்பரவி, கிறிசம், வைற், சாபி என்னும் மூன்று விண்வெளி வீரரும் மாண்டனர்.

படுக்கையைச் சூழும் வாயு

வீட்டு அறை விண்கலம் அன்று. யன்னல் திறந்திருந்தால், வெளிப்படும் ஒட்சிசன் காற்றோடு கலந்து விரைவில் நீர்த்துவிடும். ஆனால் நோயாளியின் முகத்தைச் சூழ்ந்த ஓரிரு முழ எல்லை வேறானது. மூக்குக் குழாய்வழி வரும் வாயு முழுவதும் சுவாசப்பைக்குட் செல்வதில்லை. அதிற் கணிசமான பகுதி வெளியே வழிந்து தலையணை, போர்வை, சேலைத் தலைப்பு, தலைமயிர், தாடி ஆகியவற்றின் இடுக்குகளிலே தங்கிவிடுகிறது. குழாயைக் கழற்றிக் கட்டிலிற் போட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தாது சென்றால், மெத்தையே ஒட்சிசனில் ஊறிவிடும். ஆதலால் குழாயைக் கழற்றும்போதே இயந்திரத்தையும் நிறுத்தவேண்டும். பிராணவாயு பெற்றவர், அதை நிறுத்திய பின்னரும் 20 முதல் 30 நிமிடம்வரை நல்ல காற்றோட்டத்தில் இருந்து, பின்னரே அடுப்படிக்கோ விளக்கடிக்கோ செல்லவேண்டும்.

இவ்வகை விபத்துக்களுக்குத் தலையாய காரணம் புகைத்தலே. அமெரிக்காவின் 4 மாநிலங்களில் மட்டும், 2000ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை, பிராணவாயு பெற்றுக்கொண்டிருக்கையிற் புகைத்ததால் எழுந்த தீயினால் 38 பேர் இறந்தனர் என அரச சுகாதார அறிக்கையொன்று கூறுகிறது. சுருட்டாயினும் சிகரெட்டாயினும் பீடியாயினும், இக்காலத்து மின்சிகரெட்டாயினும் யாவும் ஒன்றே. நோயாளி புகைப்பதை நிறுத்தியிருக்கலாம். நலம் விசாரிக்க வரும் பெரியப்பாவோ நிறுத்தியிருக்கமாட்டார். அவர் கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு, பழக்கத்தால் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுப்பார். "இங்கே பத்தவேண்டாம்" என்று பெரியவரிடம் சொல்லப் பலருக்கும் கூச்சம் உண்டு. அறிவித்தல் ஒன்றை எழுதி வாயிற்கதவில் ஒட்டிவிட்டால், நாம் சொல்லவேண்டியதை அது சொல்லிவிடும்.

அன்பினால் நேரும் தவறுகள்

புகைத்தல் தீயதென யாவரும் அறிவர். நம்மவர் வீடுகளில் அதனினும் அதிகம் அஞ்சவேண்டியவை, நோயாளிமீது கொண்ட அன்பினாற் செய்யப்படும் காரியங்களே. அவை மூன்று.

முதலாவது, விளக்கும் கர்ப்பூரமும். நோய் நீங்கவேண்டுமென வேண்டிச் சாம்பிராணி இடுகிறோம், ஊதுபத்தி கொளுத்துகிறோம், சுவாமிக்குக் காட்டிய கர்ப்பூரத் தட்டைக் கட்டிலருகே கொண்டுபோய், நோயாளி கண்ணில் ஒற்றிக்கொள்ள நீட்டுகிறோம். நாவூறு பட்டிருக்குமென எண்ணி, கர்ப்பூரத்தைக் கொளுத்தி முகத்தைச் சுற்றிக் கழிப்பவரும் உளர். மூக்கிலே ஒட்சிசன் பாய்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் முகத்தருகே சுடரைக் கொண்டு செல்வது எத்தகையது என்பதை இனி விளக்கவேண்டியதில்லை. சுடர் எதுவாயினும், நோயாளிக்கும் இயந்திரத்துக்கும் சிலிண்டருக்கும் 10 அடிக்குக் குறையாத தூரத்தில், இயலுமாயின் வேறு அறையில் இருத்தல் வேண்டும். நுளம்புத்திரியும் இவ்விதிக்கு உட்பட்டதே. நுளம்பு வலை கட்டுவது நன்று.

அப்படியாயின் அந்த அம்மையாரின் மனக்குறைக்குப் பரிகாரம் யாது? சுவாமி படங்களை அடுத்த அறைக்கோ விறாந்தைக்கோ மாற்றி, கட்டிலிற் கிடந்தவாறே கதவு வழியாகக் கண்டு வணங்கக்கூடியதாகக் குத்துவிளக்கை அங்கே ஏற்றலாம். படங்களை மாற்ற இயலாதெனில் சிறிய மின்விளக்கொன்றை அவற்றின்முன் எரியவிடலாம். திருக்கார்த்திகை விளக்கீட்டையும் பொங்கல் அடுப்பையும் நோயாளியின் யன்னலுக்கு எட்டவுள்ள முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம். திருநீற்றுக்கு அஞ்சவேண்டியதே இல்லை. அது எரிந்து முடிந்த பொருள், இனி எரியாது. கோயிலிலிருந்து கொண்டுவரும் திருநீற்றையும் சந்தனத்தையும் தாராளமாக நெற்றியிற் பூசிவிடலாம்.

இரண்டாவது, எண்ணெய். குழாய் உராய்வதாலும் வாயு ஓடுவதாலும் மூக்கு வறண்டு புண்படும். அதைக் காணப் பொறாத மகள் தேங்காயெண்ணெயையோ வசலீனையோ நெஞ்சிற் பூசும் தைலத்தையோ எடுத்து மூக்கின் ஓரத்திற் பூசிவிடுகிறாள். எண்ணெயும் கொழுப்பும் ஒட்சிசன் மிகுந்த காற்றிலே சிறு பொறிக்கும் உக்கிரமாக எரிவன. வறட்சிக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பை மருந்தகத்திற் கேட்டு வாங்கிப் பூசுதல் வேண்டும். சிலிண்டரின் வாயிலோ அபாயம் இன்னும் பெரிது. அங்கே வாயு பேரமுக்கத்தில் இருப்பதால், நெருப்பே இன்றியும் எண்ணெய்ப் பசை தானாகப் பற்றக்கூடும். வால்வு இறுகியிருக்கிறதென்று தையல் இயந்திரத்து எண்ணெயில் ஒரு துளி விடும் கைவினைஞர் எவ்வூரிலும் இருப்பர். அவரை அதனிடம் நெருங்கவிடலாகாது. எண்ணெய் தேய்த்த கையோடும் அதைத் தொடலாகாது. சவர்க்காரமிட்டுக் கழுவி நன்கு உலர்த்திய பின்பே தொடவேண்டும்.

மூன்றாவது, அளவை மீறிய இரக்கம். தாய் மூச்சுவிட வருந்துவதைக் காணும் மகன், 2 இலீற்றரில் நிற்கும் குண்டை 4க்கு ஏற்றிவிடுகிறான். பிராணவாயு எவ்வளவு கொடுத்தாலும் நன்மையே என்பது அவன் எண்ணம். பிராணவாயு ஒரு மருந்து. ஏனைய மருந்துகளைப் போல அதற்கும் அளவுண்டு. நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு நோயாளருட் சிலருக்கு, மிகுதியான ஒட்சிசன் கொடுத்தால் இரத்தத்திற் காபனீரொட்சைட்டு பெருகும். காலைத் தலையிடி, மயக்கம் போன்ற தூக்கம், மனக்குழப்பம் என்பன அதன் அறிகுறிகள். "அம்மா அமைதியாக உறங்குகிறா" எனத் தேறியிருக்கும் வேளையில் அவர் உணர்விழந்துகொண்டிருக்கவுங்கூடும். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்றிலே, இந்நோய் முற்றி அம்புலன்சில் ஏற்றப்பட்டவருள், அளந்து ஒட்சிசன் கொடுக்கப்பட்டோரிடையே இறப்பு வீதம், அளவின்றிக் கொடுக்கப்பட்டோரிடையே இருந்ததிற் பாதிக்கும் குறைவாயிருந்தது. இவர்களுக்கு விரலிற் பொருத்தும் ஒக்சிமீற்றரில் 88 முதல் 92 வரை இருந்தாற் போதுமென்றே வைத்தியர் பெரும்பாலும் பணிப்பர். ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய எண் எதுவென்பதை அவருடைய வைத்தியரிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளவேண்டும்.

அந்தக் கருவியையும் கண்மூடி நம்பிவிடலாகாது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். கருநிறத் தோலுடையோரிடம் அது உண்மையினும் கூடிய எண்ணைக் காட்டக்கூடும் என்பதும், இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருப்பதை அது காட்டத் தவறுவது வெள்ளையரினும் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ 3 மடங்கு என்பதும் 2020இல் அமெரிக்க ஆய்வொன்றால் வெளியாயின. ஆதலின் எண் நன்றாயிருந்தும் உதடு நீலம் பாய்ந்திருந்தால், அல்லது நோயாளி தடுமாறிப் பேசினால், எண்ணை விட்டு ஆளை நம்பி, 1990 அம்புலன்சை அழைக்கவேண்டும்.

அச்சத்தினால் நிறுத்துவதும் தவறு

இவற்றையெல்லாம் படித்து, "இவ்வளவு அபாயமுள்ள பொருள் வீட்டுக்கு வேண்டாம்" என எவரும் முடிவுசெய்துவிடலாகாது. 1981ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினருக்கு நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது வீட்டிலே பிராணவாயு கொடுத்தனர். ஐந்தாண்டு முடிவில், பிராணவாயு பெற்ற 42 பேருள் 19 பேரும், பெறாத 45 பேருள் 30 பேரும் இறந்திருந்தனர். வைத்தியர் 15 மணி நேரம் எனக் குறிப்பதன் பின்னே இக்கணக்கு உண்டு. மின்சாரச் சிட்டையை எண்ணி 8 மணி நேரத்தில் நிறுத்துவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். 350 வாற்று வலுவுள்ள இயந்திரம் ஒன்று 15 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஐந்தேகால் அலகு மின்சாரம் செலவாகும். சுமைதான்; ஆயினும் முன்கூட்டியே கணக்கிட்டால் தாங்கக்கூடிய சுமை.

மின்சாரம் நின்றபோது

செறிவாக்கி எனப்படும் இவ்வியந்திரம் ஒட்சிசனைத் தன்னுள்ளே சேமித்து வைத்திருப்பதில்லை. அறைக்காற்றை உறிஞ்சி, சியோலைற்று என்னும் கனிப்பொருளின் மணிகளினூடே செலுத்தி, நைதரசனை அங்கே தங்கவைத்து, எஞ்சிய ஒட்சிசனை 90 வீதத்துக்கு மேற்பட்ட தூய்மையில் அனுப்புகிறது. ஆகவே மின்சாரம் நின்றால் பிராணவாயுவும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நமது நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்ததை எவர் மறப்பர்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் முன்னறிவிப்பின்றி இருளில் மூழ்கியது.

இருள் சூழும் அந்நேரமே யாவற்றினும் அபாயமான நேரம். ஏனெனில், இரண்டு கைகள் ஒரே அறையில் ஒரே வேளையில் இயங்குகின்றன. ஒரு கை சிலிண்டரைத் திறக்கிறது. மற்றொரு கை மெழுகுதிரியைக் கொளுத்துகிறது. வெளிச்சம் வேண்டியே அதைக் கட்டிலின் தலைமாட்டில் வைப்போம். ஆகவே நோயாளியின் அறையிலே, கைக்கு எட்டும் ஆணியொன்றில், மின்கலத்தில் எரியும் மின்சூள் ஒன்று எப்பொழுதும் தொங்கவேண்டும். மெழுகுதிரியும் அரிக்கன் லாம்பும் நெருப்புப்பெட்டியும் அவ்வறையில் இருக்கவே கூடாது. மின்பிறப்பாக்கி வைத்திருப்போர், அதன் நச்சுப்புகை உட்புகாதவாறு வெளியே எட்ட வைத்து இயக்கவேண்டும்.

சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்பதும் முன்னரே அறிந்திருக்கவேண்டியதே. கணக்கு எளிது. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை அமுக்கமானி காட்டும் பார் எண்ணாற் பெருக்குக. வந்ததை நிமிடத்துக்குரிய இலீற்றரால் வகுக்குக. 10 இலீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரிலே 137 பார் அமுக்கம் இருந்தால், 1,370 இலீற்றர் வாயு உண்டு. நிமிடத்துக்கு 2 இலீற்றர் வீதம் அது 685 நிமிடம், அதாவது 11 மணி 25 நிமிடம் வரும். 13 மணி நேர மின்வெட்டுக்கு நிரம்பிய ஒரு சிலிண்டரும் போதாது என்பது இதனாற் புலனாகும். முள் பாதிக்கு இறங்கினால் நேரமும் பாதி. முள் காற்பங்குக்கு வரும்வரை காத்திராது, அதற்கு முன்னரே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடவேண்டும்.

சிலிண்டரைப் பேணும் முறை

நிரம்பிய சிலிண்டர் விழுந்து அதன் தலை முறிந்தால், உள்ளிருக்கும் வாயு பீறிட, அது எறிகணைபோற் பாயும். எனவே சுவரோடு சங்கிலியாலோ வலிய பட்டியாலோ பிணைத்து நிமிர்த்தி வைக்கவேண்டும். சமையலறையிலும், அலுமாரியினுள்ளும், கட்டிலின்கீழும் வைக்கலாகாது. காற்றோட்டமும் நிழலுமுள்ள இடமே ஏற்றது. நிறத்தை மட்டும் நம்பாது, அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து அது மருத்துவ ஒட்சிசன்தானா எனத் தெளியவேண்டும். ஒட்டு வேலைக்குரிய சிலிண்டரை அவசரத்துக்கு இரவல் வாங்குவது தகாது. வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். திடீரெனத் திறந்தால் வாயு நெருங்கிச் சூடேறி, உள்ளிருக்கும் தூசிலோ பசையிலோ தீப்பிடிக்க இடமுண்டு.

இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிவைத்து, திரைச்சீலை அதனை மூடாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும். பல முனைகளுள்ள நீட்டிப்பு வயரிலே விசிறியோடும் கேத்திலோடும் சேர்த்து அதனைச் செருகலாகாது. சுவரிலுள்ள தனிச் செருகியே தகும். வடிகட்டியை வாரத்துக்கொரு முறை கழுவி உலர்த்தவேண்டும். ஈரப்பதனூட்டும் போத்தல் இருப்பின், கொதித்தாறிய நீரை நாள்தோறும் மாற்றவேண்டும். நீண்ட குழாய் நடைபாதையிற் கிடந்தால் முதியவர் கால் இடறுவர்; அதனைச் சுவரோரமாக ஒதுக்குதல் நன்று.

வீட்டார் யாவரும் செய்யவேண்டியது

இவ்வறிவு நோயாளியைப் பராமரிக்கும் ஒருவரோடு நின்றுவிடலாகாது. அவர் குளிக்கப் போயிருக்கும் அரைமணி நேரத்திலும் வீட்டிலே குழந்தைகள் இருப்பர், அயலவர் வந்துபோவர். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், பத்து வயதுப் பிள்ளையை உட்பட, ஒரு நாள் மாலை அழைத்து, இயந்திரத்தை நிறுத்துவது எவ்வாறு, சிலிண்டரை மூடுவது எத்திசையில் எனக் கையாற் செய்து பழகவிடவேண்டும். தீப்பற்றினாற் செய்யவேண்டிய ஒழுங்கையும் அப்போதே சொல்லிக்கொடுக்கவேண்டும்: மூக்குக் குழாயைக் கழற்றி வாயுவை நிறுத்துதல், நோயாளியை வெளியே கொண்டுசெல்லுதல், கதவைச் சாத்துதல், பின்பு தீயணைப்புப் படையை அழைத்தல். வாயுவை நிறுத்த எட்டாதபடி தீ சூழ்ந்துவிட்டால், ஆளைக் காப்பதே முதற்கடமை. உங்கள் பகுதித் தீயணைப்புப் படையின் தொலைபேசி எண்ணும், வைத்தியர் குறித்த இலீற்றர் அளவும், நாளொன்றுக்குரிய மணி நேரமும் ஒரு தாளிற் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டப்படட்டும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கொரோனா நோய் உச்சத்தில் நின்றபோது, இந்தியக் கடற்படைக் கப்பல் சக்தி 100 தொன் பிராணவாயுவைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கடல் கடந்து வரவேண்டியிருந்த அப்பொருள், இன்று ஒரு பொத்தானை அழுத்த நம் வீட்டறைக்குள்ளேயே கிடைக்கிறது. அது வீட்டுக்கு வருமுன்னே சுவாமி படங்களுக்கு இடமாற்றம் செய்துவிடுங்கள்; மின்சூளை ஆணியில் மாட்டிவிடுங்கள்; நெருப்புப்பெட்டியை அடுக்களைக்கு அனுப்பிவிடுங்கள். எஞ்சிய காலத்தை நோயாளியின் அருகில் அச்சமின்றி அமர்ந்து பேசிக்கழிக்கலாம்.